பூனையின் நோயறிதல் வளர்ந்த வரலாறு

விலங்குகளுக்குச் செய்யப்படும் மருத்துவம் தமிழில் கால்நடை மருத்துவம் என்று வழங்குகிறது. கால்நடை என்ற சொல் முதன்மையாக உழவுக்கும் பாலுக்கும் வண்டிக்கும் உரிய மாடு, எருமை, ஆடு ஆகியவற்றைக் குறிப்பது; இத்துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'வெட்டரினரி' என்ற பெயரும் பாரம் இழுக்கும் விலங்குகளைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. உழைக்கும் விலங்கை மனத்தில் கொண்டு அமைந்த இப்பெயர்களில் வீட்டின் மூலையில் சுருண்டு கிடக்கும் பூனைக்கு இடமில்லை. பெயரில் இருந்த இந்த விடுபாடு நூற்றாண்டுகளாக மருத்துவத்திலும் இருந்தது. பூனையின் நோய்க்குறிகளை முறையாகப் படிக்கும் வழக்கம் பெரும்பாலும் கடந்த 150 ஆண்டுகளுக்குள் உருவானதாகும். அந்த வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், பூனையோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவரின் கவனமும் மருத்துவரின் ஆய்வும் சேர்ந்தபோதெல்லாம் இந்த அறிவு வளர்ந்ததையும், இரண்டும் பிரிந்திருந்த காலத்தில் அது தேங்கிக் கிடந்ததையும் காணலாம்.

மனிதரோடு பூனை கொண்ட உறவு மிகப் பழையது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதப் புதைகுழிக்கு அருகே பூனை ஒன்றும் முழு உடலாகப் புதைக்கப்பட்டிருந்ததை அகழாய்வாளர்கள் கண்டறிந்து 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்தீவில் இயற்கையாகப் பூனை இல்லாததால், அது படகில் கொண்டு செல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. எகிப்தில் பூனை பாஸ்டெட் என்ற பெண் தெய்வத்தோடு சேர்த்துப் போற்றப்பட்டது. ஒரு வீட்டில் பூனை இயல்பாக இறந்தால் அவ்வீட்டார் புருவத்தை மழித்துத் துக்கம் காத்தனர் என்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆயினும் அதே எகிப்திலிருந்து கிடைத்த மிகப் பழைய விலங்கு மருத்துவ ஏடான காகூன் பப்பைரஸில் எஞ்சியுள்ள பகுதிகள் பெரிதும் மாட்டின் நோயைப் பற்றியே பேசுகின்றன. இந்திய மரபிலும் குதிரைக்குச் சாலிஹோத்திரர் பெயரிலும் யானைக்குப் பாலகாப்பியர் பெயரிலும் நூல்கள் வழங்கின. தமிழில் மாட்டு வாகடங்கள் எழுதப்பட்டன. போரையும் உழவையும் தாங்கிய விலங்கின் உடல்நலம் அரசின் நலமாகவும் குடியின் நலமாகவும் இருந்ததால் அறிவு அந்தத் திசையில் திரண்டது.

பொருளாதாரக் காரணத்தோடு பூனையின் இயல்பும் சேர்ந்துகொண்டது. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட நிலத்தில் தனித்து வேட்டையாடி வாழ்வது. இரையைப் பிடிக்கும் விலங்காக இருந்தாலும், தன்னைவிடப் பெரிய விலங்குக்குத் தானே இரையாகும் நிலையும் அதற்கு உண்டு. கூட்டத்தின் துணையில்லாத இத்தகைய உயிர் தன் தளர்ச்சியை வெளிக்காட்டினால் பிழைப்பது அரிது என்பதால், வலியையும் காய்ச்சலையும் அடக்கிக்கொண்டு இருளான இடத்தில் அசையாமல் ஒடுங்கிக் கிடப்பது அதன் வழியாயிற்று. மாடு அசைபோடுவதை நிறுத்தினால் உழவர் உடனே அறிவார். குதிரை கால் நொண்டினால் வண்டி நின்றுவிடும். பூனையின் நோயோ, அது வழக்கமாகச் செய்யும் ஒன்றைச் செய்யாமல் விடுவதில் முதலில் தெரிகிறது. ஆகவே அதன் வழக்கத்தை நாள்தோறும் அறிந்தவருக்கே அந்த மாற்றம் புலப்படும்.

ஐரோப்பாவில் முறையான விலங்கு மருத்துவக் கல்வி தொடங்கியபோதும் பூனை அதன் வெளியிலேயே இருந்தது. குளோத் பூர்ஷெலா என்பவர் பிரான்சின் லியோன் நகரில் 1760-களின் தொடக்கத்தில் நிறுவிய பள்ளியும் அதைத் தொடர்ந்து பாரிசுக்கு அருகே அல்ஃபோரில் எழுந்த பள்ளியும், மாடுகளை ஊர் ஊராக அழித்த வெக்கை நோயையும் குதிரையின் நலத்தையும் முன்னிட்டு அமைந்தவை. லண்டனில் 1791-இல் தொடங்கிய கல்லூரி பெரிதும் குதிரை மருத்துவக் கல்லூரியாகவே இயங்கியது. சென்னையில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் உழவு மாட்டை மையமாகக் கொண்ட நாட்டின் தேவையையொட்டி எழுந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டை நாய்க்கும் வீட்டு நாய்க்கும் தனி மருத்துவ நூல்கள் வெளிவந்த பிறகும், பூனைக்கு அந்நூல்களின் கடைசிப் பக்கங்களே கிடைத்தன. நாய்க்குச் சொன்ன மருந்தை அளவு குறைத்துப் பூனைக்கும் கொடுக்கும் பழக்கம் இதனால் வேரூன்றியது. நாயும் மனிதரும் தாங்கும் பல மருந்துப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் சிதைத்து வெளியேற்ற இயலாது என்பதும், பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் போக்கக்கூடும் என்பதும் பிற்காலத்தில்தான் தெளிவாயின.

திருப்பம் மருத்துவக் கல்லூரிக்கு வெளியிலிருந்து வந்தது. ஓவியரான ஹாரிசன் வேர் 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மாளிகையில் பூனைக் கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தார். எலி பிடிக்கும் கருவியாக மட்டும் கருதப்பட்ட பூனையைப் போற்றத்தக்க வீட்டுத் துணையாக மக்கள் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1889-இல் அவர் வெளியிட்ட பூனை நூலிலும், அமெரிக்க விலங்கு மருத்துவர் ரஷ் ஷிப்பன் ஹைட்கோப்பர் 1895-இல் வெளியிட்ட கையேட்டிலும் பூனை வளர்ப்போடு அதன் நோய்களும் இடம்பெற்றன. கண்காட்சிகள் இன்னொரு வகையிலும் மருத்துவத்தைத் தூண்டின. பல வீடுகளின் பூனைகள் ஓரிடத்தில் அடுத்தடுத்த கூண்டுகளில் வைக்கப்பட்டதால் தொற்றுநோய் பரவ வாய்ப்பு மிகுந்தது. விலை கொடுத்து வாங்கிப் பேர்சொல்லி வளர்த்த பூனைகள் இறந்தபோது, காரணம் என்ன என்ற கேள்வியை உரிமையாளர்கள் உரத்துக் கேட்கலாயினர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி தெருவிலிருந்து குதிரையை அகற்றியது. குதிரையை நம்பித் தொழில் நடத்திய நகர மருத்துவர்கள் நாயையும் பூனையையும் நோக்கித் திரும்ப வேண்டியவராயினர். லண்டனின் ஏழைகள் வாழ்ந்த ஒயிட்சாப்பல் பகுதியில் மரியா டிக்கின் 1917-இல் தொடங்கிய இலவச மருந்தகம், பணம் செலுத்த இயலாதோரின் விலங்குகளுக்கும் மருத்துவம் உண்டு என்ற நிலையை உருவாக்கியது. 1925-இல் ஹாமில்டன் கிர்க் என்ற ஆங்கில மருத்துவர் பூனை நோய்களுக்கெனத் தனி நூலை வெளியிட்டார். நியூயார்க்கில் லூயிஸ் கமுட்டி என்பவர் பூனைகளை மட்டுமே பார்க்கும் மருத்துவராகப் பெயர் பெற்று, வீடு வீடாகச் சென்று மருத்துவம் செய்தார். தம் நோயாளிகள் அனைவரும் கட்டிலுக்கு அடியில் இருப்பதாகப் பொருள்படும் தலைப்பில் 1980-இல் அவருடைய நினைவுநூல் வெளிவந்தது. நோயுற்ற பூனை ஒளிந்துகொள்ளும் இடத்துக்கே மருத்துவர் செல்ல வேண்டியிருந்த தொழில்முறையை அத்தலைப்பு உண்மையாகவே சுட்டுகிறது.

அக்காலத்தில் பூனை வளர்ப்போரை மிகவும் அஞ்சவைத்த நோய் இன்று பான்லூகோபீனியா என்று அழைக்கப்படுகிறது. முந்தைய நாள் விளையாடிய குட்டி மறுநாள் உணவை மறுக்கும், வாந்தி எடுக்கும், தண்ணீர்க் கிண்ணத்தின் முன் முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்து, கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்தபடி, குடிக்கவும் முடியாமல் விலகவும் மனமில்லாமல் மணிக்கணக்கில் கிடக்கும். கண்ணின் உள்மூலையில் உள்ள மூன்றாம் இமை எனப்படும் வெண்சவ்வு பாதிக் கண்ணை மூடியிருக்கும். ஓரிரு நாளில் இறப்பு நேர்ந்துவிடுவதால், யாரோ நஞ்சு வைத்துவிட்டனர் என்று அக்கம்பக்கத்தாரைச் சந்தேகித்தவர்கள் பலர். பிரான்சில் வெர்ஜ், கிறிஸ்டோஃபரோனி ஆகிய இருவர் 1928-இல் இந்நோய் பாக்டீரியாவைத் தடுக்கும் நுண்வடிகட்டியையும் கடந்து செல்லும் ஒரு நுண்பொருளால், அதாவது வைரஸால், உண்டாவதைக் காட்டினர். அமெரிக்காவில் வில்லியம் ஹாமன், ஜான் எண்டர்ஸ் ஆகியோர் 1939-இல் நோயுற்ற பூனைகளின் ரத்தத்தை ஆராய்ந்து, எல்லா வகை வெள்ளணுக்களும் ஏறத்தாழ மறைந்துபோவதை விவரித்தனர். எல்லா வெள்ளணுக்களும் குறைதல் என்பதே பான்லூகோபீனியா என்ற பெயரின் பொருள். பின்னாளில் போலியோ வைரஸை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியதற்காக 1954-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர் இதே எண்டர்ஸ். கிண்ணத்தருகே ஒடுங்கிக் கிடந்த குட்டியைப் பார்த்தவரின் துயரத்துக்கு இவ்வாறு ஒரு விளக்கம் கிடைத்தது. பின்னர்த் தடுப்பூசியும் கிடைத்தது.

அறிகுறிகளை அறியும் வரலாற்றில் ஆய்வகத்துக்கு இணையான மாற்றத்தை உண்டாக்கிய பொருள் ஒன்று கடையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்ற வணிகர், எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்பட்ட களிமண் துகளை 1947-இல் பூனையின் கழிவுத் தட்டுக்கு விற்கத் தொடங்கினார். அதுவரை மணலோ அடுப்புச் சாம்பலோ நிரப்பிய தட்டு நாறியது, பூனையின் பாதத்தில் ஒட்டிய சாம்பல் வீடெங்கும் பரவியது. ஆகவே பெரும்பாலான பூனைகள் வெளியிலேயே கழிவு நீக்கின. நாற்றத்தை அடக்கிய களிமண் துகள் வந்தபின் பூனை முழுவதும் வீட்டுக்குள் வாழ்வது எளிதாயிற்று. அதன் விளைவாக, தோட்டத்து மண்ணில் மறைந்துபோன ஒரு முக்கியச் சான்று, அதாவது பூனை எத்தனை முறை, எவ்வளவு சிறுநீர் கழிக்கிறது என்பது, வீட்டாரின் கண்முன் வந்தது.

இந்த மாற்றத்தால் வெளிச்சத்துக்கு வந்த நோய்களுள் ஆண் பூனையின் சிறுநீர்த் தடை முதன்மையானது. ஆண் பூனையின் சிறுநீர்ப் புறவழி நுனியில் மிகவும் குறுகியது. சிறு படிகங்களும் சளியும் திரண்டால் அடைபட்டுவிடும். அத்தகைய பூனை தட்டுக்குள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், முதுகை வளைத்து முக்கும், ஓரிரு துளிகளுக்கு மேல் வராது, வயிற்றின் அடிப்பகுதியை ஓயாமல் நக்கும், தொட்டால் கத்தும். மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்போர் உண்டு. சிறுநீர் வெளியேறாமல் தேங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடக்கூடும் என்பதால், இந்த ஓர் அறிகுறியை மட்டும் எந்த நேரத்திலும் அவசரமாகவே கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். தடையில்லாமல் வரும் சிறுநீர்ப்பை அழற்சியில் பெரும்பகுதிக்குக் கிருமி காரணமல்ல என்பதும், இடமாற்றம், புதிய விலங்கின் வருகை, அமைதியின்மை போன்றவை பூனையின் சிறுநீர்ப்பையையே தாக்குகின்றன என்பதும் அடுத்தடுத்த பத்தாண்டுகளின் ஆய்வில் புலப்பட்டன. வீட்டின் நிலையையும் கேட்டறிவது நோயறிதலின் ஒரு பகுதியாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி பூனை மருத்துவத்தின் செழிப்பான காலம். தும்மல், கண்ணில் பீளை, மூக்கடைப்பு, நாக்கில் புண் ஆகியவற்றோடு வரும் பூனைச் சளிக்காய்ச்சல் ஒரே நோயாகக் கருதப்பட்டிருக்க, 1957-இல் நியூசிலாந்தில் ஃபாஸ்டியர் கண்டறிந்த கலிசி வைரஸும், 1958-இல் அமெரிக்காவில் கிராண்டல், மௌரர் இருவரும் பிரித்தெடுத்த ஹெர்ப்பிஸ் வைரஸும் அதன் பின்னணியில் இருப்பது தெரியவந்தது. மூக்கடைத்த பூனை உணவின் மணத்தை அறிய முடியாமல் பட்டினி கிடக்கிறது என்பதும், பருத்த பூனை சில நாள் உண்ணாதிருந்தாலே உடற்கொழுப்பு கல்லீரலில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும் என்பதும் அறியப்பட்டபோது, உணவை மறுத்தல் என்ற எளிய குறிக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. பிரிட்டனில் 1958-இல் பூனை நலத்துக்கான ஆலோசனை அமைப்பு ஒன்றும், அமெரிக்காவில் 1971-இல் பூனை மருத்துவர் சங்கமும் தோன்றின.

பாஸ்டனில் உள்ள ஏஞ்சல் நினைவு விலங்கு மருத்துவமனையில் பணியாற்றிய ஜீன் ஹோல்ஸ்வொர்த் இக்காலத்தின் முதன்மையான ஆளுமை. லத்தீன் மொழியில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு விலங்கு மருத்துவம் படித்த அவர், மூல ஏட்டைச் சொல் சொல்லாகப் படிக்கும் அறிஞரின் பொறுமையோடு பூனைகளைக் கவனித்தார். மருந்துக்குத் தணியாத காய்ச்சலும் வைக்கோல் நிற நீர் கோத்த வயிறுமாக இளம் பூனைகள் மெலிந்து இறப்பதை அவர் 1963-இல் விவரித்தார். தொற்று வயிற்றுறை அழற்சி என்று பெயர் பெற்ற அந்நோய் கொரோனா வகை வைரஸால் வருவது பின்னர் உறுதியாயிற்று. 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட்டின் குழு பூனையின் ரத்தப்புற்றுநோய் வைரஸைக் கண்டறிந்தது. ஒரே வீட்டில் வளர்ந்த பல பூனைகள் அடுத்தடுத்துப் புற்றுநோய்க்கு ஆளானதை ஒரு வட்டார மருத்துவர் கவனித்துச் சொன்னதே அந்த ஆய்வின் தொடக்கம். கலிபோர்னியாவின் பெட்டலூமா நகரில் பூனைக் கூட்டம் ஒன்றில் ஈறு வீக்கமும் ஆறாத தொற்றுகளும் தொடர்ந்து வருவதை அவற்றை வளர்த்தவர் கவனித்து முறையிட்டதன் வழியாக, நீல்ஸ் பீடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகியோர் 1986-இல் பூனையின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வைரஸை அடையாளம் கண்டனர். மனிதரின் எச்.ஐ.வி.யோடு உறவுடைய இது மனிதருக்குத் தொற்றாது. வீட்டாரும் வட்டார மருத்துவரும் தாம் கண்டதைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் இவ்விரு கண்டுபிடிப்புகளும் மேலும் தாமதமாகியிருக்கும்.

உணவும் முதுமையும் அடுத்த பாடங்களைத் தந்தன. இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்தைப் போதிய அளவு தன் உடலில் உண்டாக்கிக்கொள்ளப் பூனையால் இயலாது. அது குறைந்தால் விழித்திரை அழிந்து பார்வை போகும் என்று 1975-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். பால் பயான் என்பவரும் அவருடைய குழுவினரும் 1987-இல், அதே குறைபாடு இதயத் தசையைத் தளரச் செய்வதையும், டாரினைச் சேர்த்துக் கொடுத்தால் பல பூனைகள் மீள்வதையும் வெளியிட்டனர். தயாரிப்பு உணவுகளில் அதன் அளவு உயர்த்தப்பட்டதும் அவ்வகை இதயநோய் அரிதாயிற்று. 1979-இல் நியூயார்க்கில் மார்க் பீடர்சன் விவரித்த தைராய்டு மிகைச் சுரப்பு, முதிய பூனை நிறைய உண்டும் மெலிவதாகவும் ஓய்வின்றித் திரிவதாகவும் வெளிப்படுவது. கிழப் பூனைக்கு இளமை திரும்பிவிட்டதென்று மகிழ்ந்த வீட்டார், பூனையை எடை போட்டிருந்தால் நோயை முன்பே அறிந்திருப்பர். சிறுநீரக நோயிலோ, ஏறத்தாழ முக்கால் பங்கு செயல்திறன் போன பிறகே வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் உயரும். வறண்ட நிலத்தில் தோன்றியதால் குறைவாகவே நீர் அருந்தும் பூனையின் தண்ணீர்க் கிண்ணம் விரைவில் காலியாவதும் கழிவுத் தட்டு மிகுதியாக நனைவதும் அந்நோய் வெளிக்காட்டும் முதல் குறிகளுள் அடங்கும்.

எல்லாவற்றிலும் பிந்தி அறியப்பட்டது வலி. 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 12 வயதைக் கடந்த பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தபோது 90 விழுக்காட்டில் மூட்டுத் தேய்வின் அடையாளம் இருந்தது. ஆயினும் அவற்றுள் மிகச் சிலவே நொண்டியதாகப் பதிவாகியிருந்தன. மூட்டு வலியுள்ள பூனை நொண்டுவதைவிட, ஏறிய அலமாரிக்கு ஏறாமல் விடுகிறது. ஒரே தாவலில் அடைந்த சன்னலை நாற்காலி வழியாக இரு தாவலில் அடைகிறது. முதுகின் பின்பகுதியை நக்கித் துப்புரவு செய்ய முடியாமல் அங்கே மயிர் சிக்குப் பிடிக்கிறது. இவை முதுமையின் இயல்பு என்று ஒதுக்கப்பட்டு வந்தன. கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பூனையின் முகத்தைக் கொண்டே கடும் வலியை மதிப்பிடும் அளவுகோலை வெளியிட்டனர். காதுகள் விலகிச் சுழன்றிருத்தல், கண் இடுங்குதல், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகுதல், மீசை முன்னோக்கி விறைத்தல், தலை தோளுக்குக் கீழே தாழ்தல் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி நீக்கும் மருந்து தரலாமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்கும் தமிழ்ப் பழமொழி பூனையின் அறியாமையைச் சொல்வது. பாதி மூடிய அந்தக் கண் ஒருவேளை வலியைத் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்பதை இந்த அளவுகோல் நினைவூட்டுகிறது.

ஹோல்ஸ்வொர்த் விவரித்தது முதல் ஏறத்தாழ மரணத் தீர்ப்பாகவே இருந்த வயிற்றுறை அழற்சிக்கும் 2019-இல் விடை கிடைத்தது. நீல்ஸ் பீடர்சனின் குழு, ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்து, அவற்றுள் பெரும்பாலானவை பிழைத்ததை வெளியிட்டது. 1963-க்கும் 2019-க்கும் இடைப்பட்ட 56 ஆண்டுகளில் அந்நோய்க்குப் பலியான குட்டிகளின் உடற்கூற்றுக் குறிப்புகளும் அவற்றை வளர்த்தவர் சொன்ன விவரங்களும் அந்த மருந்தை நோக்கிய வழியில் படிகளாயின. ஆயினும் எந்த மருந்தும், காய்ச்சல் ஒரு வாரமாகத் தணியவில்லை என்பதையும் வயிறு உப்புகிறது என்பதையும் காலத்தில் கவனித்துப் பூனையைக் கூடையில் வைத்து மருத்துவரிடம் எடுத்துச் செல்லும் ஒருவரிடமிருந்தே தன் வேலையைத் தொடங்குகிறது.

இன்று மருத்துவர் பூனை வளர்ப்போரிடம் கேட்கும் கேள்விகள் மிக எளியவை: என்ன உண்டது, எவ்வளவு குடித்தது, தட்டில் என்ன இருந்தது, எடை என்ன, தன்னை நக்கித் துப்புரவு செய்கிறதா, உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது, வழக்கமான இடத்தில் உறங்குகிறதா. உறங்கும் பூனை நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் தொடர்ந்து மூச்சு விட்டால் இதயத்தையோ நுரையீரலையோ சோதிக்க வேண்டியிருக்கலாம் என்பது போன்ற ஒவ்வொரு குறிப்புக்கும் பின்னால் பல பூனைகளின் உயிரும் பலரின் உழைப்பும் இருக்கின்றன. புருவம் மழித்துத் துக்கம் காத்த எகிப்தியருக்குத் தம் பூனையின்மீது அன்பு குறைவாக இருக்கவில்லை. இக்கேள்விகளே அவர்களிடம் இல்லை. அவற்றை இன்று பெற்றிருப்பவர், வாசலில் வந்து நிற்கும் பூனை இன்று ஏன் வரவில்லை என்று எழுந்து சென்று கட்டிலுக்கு அடியில் பார்ப்பதே அந்த நெடிய உழைப்புக்குச் செலுத்தும் உரிய நன்றியாகும்.